சீனுவின் அட்டையும் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணியும்

1

போன வாரம் மெல்பர்னில் எங்கள் வட்டார கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் நாய் பிஸ்கட்டின் வருடாந்தரப் பதிவு காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும் என்று. எனக்கு அரசாங்கக் கடிதம் என்றாலே பதற்றம். முதல் வரியைப் படித்ததுமே போனை எடுத்துவிடுவேன். அவசரமாகப் பேசும்போது இருபது வருடப் பழக்கமெல்லாம் பின்னால் போய், பல்லாவரம் இங்கிலீஷ் முன்னால் ஓடி வந்து நிற்கும்.

"மேடம், மை டாக் எக்ஸ்பயர்ட்" என்றேன்.

மறுமுனையில் இருந்த பெண்ணின் குரல் சட்டென்று இளகிவிட்டது. எப்போது என்று கேட்டாள். பத்து நாளாகிறது, நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பதிவு காலாவதியானதற்கா இந்தப் பெண் அழுகிறாள், எவ்வளவு பொறுப்பான தேசம் என்று நான் வியந்துகொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து ஆறுதல் அட்டை வந்தது. கூடவே, இறந்த பிராணியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியாகிவிட்டது என்று ஒரு சான்றிதழ்.

பிஸ்கட் அப்போது என் காலடியில் படுத்து செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

செத்ததை நிரூபிக்க ஒரு போன் போதும். உயிரோடு இருப்பதை நிரூபிக்கத்தான் புகைப்படம், மருத்துவர் கடிதம், இரண்டு படிவம், ஒரு நேர்காணல் எல்லாம் வேண்டும். நம்மூர் பென்ஷன்காரர் வருடாவருடம் போய் "ஐயா, நான் இன்னும் இருக்கிறேன்" என்று கையெழுத்துப் போடுவாரே, அது மாதிரி பிஸ்கட்டைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தேன். மகள் காவ்யாவுக்குப் பதினாலு வயது. நடந்ததைக் கேட்டு "அப்பா, யூ ஆர் அன்பிலீவபிள்" என்றாள். நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் தமிழில் ஒன்று சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்பது ஒருவர்தான். அவருக்கு நாலு கால். அவரைத்தான் நான் கொன்றுவிட்டேன்.

அதே வாரத்தில் கீழ்க்கட்டளையிலிருந்து சேகரின் மின்னஞ்சல் வந்தது. முதலில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எழுத்துருவைத் தேடி இறக்கிப் போட்டதும் கட்டங்கள் தமிழாயின. "நாலு கால் நலச் சங்கம்: இலக்குகளும் முன்னேற்றமும். மூன்றாம் ஆண்டு அறிக்கை." ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது.

2

நாய்களுக்காக ஒரு சங்கம், அதில் நான் வெளிநாட்டுப் பிரதிநிதி என்று சொன்னால், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பதினோரு வயதில் கிழக்குத் தாம்பரத்தில் பால் வாங்கப் போன என்னை ஒரு நாய் துரத்தியது. நான் ஓடி முள்வேலிக்குள் விழுந்தேன். தொடையில் இருந்த கீறல் நாய் போட்டதா, முள் போட்டதா என்று கேட்டார் அப்பா. எனக்குத் தெரியவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசியும் போட வைத்துவிட்டார். அன்றிலிருந்து நாயைப் பார்த்தால் என் கை தானாக வயிற்றைப் பொத்திக்கொள்ளும். இப்போதும்தான். பிஸ்கட் அதை வணக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

பிஸ்கட்டை நாங்கள் ஒரு காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம். எடுத்து வந்தோம் என்பது தவறு. அவர்கள் எங்களைப் பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து வேலியின் உயரம் பார்த்தார்கள், சமையலறை பார்த்தார்கள், எனக்குக் கோபம் வருமா என்று என் மனைவி சுமதியிடம் தனியாகக் கேட்டார்கள். என் கல்யாணத்தில்கூட என்னைப் பற்றி இவ்வளவு விசாரிக்கவில்லை. இந்தக் கதையை போன் கார்டு தேய்த்து சேகரிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

சேகர் என் பள்ளித் தோழன். கீழ்க்கட்டளை பேருந்து நிறுத்தம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். "மச்சான், இங்க தலைகீழா இருக்குடா" என்றான். "தெருத் தெருவா ஃப்ளாட்டு வருது. வாடகை வீட்டைக் காலி பண்ணி ஃப்ளாட்டுக்குப் போறவன் நாயை விட்டுட்டுப் போறான். ஃப்ளாட்டைப் பூட்டிட்டு உங்கள மாதிரி ஃபாரின் போறவனும் விட்டுட்டுப் போறான். ஃபிரிட்ஜை வித்துட்டுப் போறான், சோபாவை மச்சினனுக்குக் குடுக்கறான், நாயை கேட்டுக்கு வெளிய விட்டுட்டு கேட்டை சாத்திக்கறான்."

'உங்கள மாதிரி' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் நாயை விட்டுவிட்டு வந்தவன் அல்ல. ஆனால் எதையுமே விட்டுவிட்டு வரவில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அந்த அரை நொடித் தயக்கத்தில் அவன் என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டான்.

இலக்குகள் மூன்று. எங்கள் பக்கத்துத் தெருக்களில் வளர்ப்பு நாய் ஒவ்வொன்றுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, ஒரு அட்டை, ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டை. கைவிடப்பட்ட செல்லங்களுக்கு ஒரு வீடு. மூன்றாவதாக, என்றைக்காவது ஒரு மருத்துவ அறை.

முதல் முகாமை நான் விடுமுறைக்கு வரும் மூன்று வாரத்துக்குள் வைப்பதாக முடிவாயிற்று. நேரத்தை யார் குறிப்பது? நான் மெல்பர்னில் செய்யும் வேலை பேருந்துகளுக்கு அட்டவணை போடுவது. எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று சொல்கிறவன் நான். "அதை என்னிடம் விடு" என்றேன். வெயிலைக் கணக்கில் எடுத்தேன். மதியத் தூக்கத்தை, காபியை, தொலைக்காட்சிப் படத்தை எல்லாம் எடுத்தேன். துல்லியமாக ஒரு நேரம் விழுந்தது. ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை.

இந்நேரம் நீங்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அன்று அடிக்க ஆளில்லை.

3

நான் வந்து இறங்கியபோது கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவில் ஒரு பிரச்சினை காத்திருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராமநாதன் சார். ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அவருடைய பேரனைத் தெருமுனையில் ஏதோ ஒரு நாய் கடித்துவிட்டது. பையனுக்கு ஊசி போட்டுச் சரியாகிவிட்டது. சாருக்குத்தான் சரியாகவில்லை. உரிமையாளர் இல்லாத நாய்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போக வண்டிக்குச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலையில் வண்டி வரும்.

தொப்புளில் பதினாலு ஊசி வாங்கியவன் அவரை எப்படித் திட்டுவேன்? சேகரும் நானும் போய்க் கெஞ்சினோம். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிறு ஆறு மணிக்குள் ஊசி போட்டு, உரிமையாளர் பெயரோடு அட்டை வாங்கிய நாய் தெருவில் இருக்கலாம். அட்டை இல்லாதது வண்டியில் ஏறும்.

மற்ற நாய்களுக்காவது ஒரு கேட் இருந்தது. சீனுவுக்கு அதுவும் இல்லை.

சீனு ஒரு வெள்ளை பொமரேனியன். வெள்ளை என்பது பழைய தகவல். மூன்றாவது ஃப்ளாட்டில் இருந்த ஒரு குடும்பம் ஸ்னோயி என்று பெயர் வைத்து ஏசி அறையில் வளர்த்து, அமெரிக்கா போகும்போது விட்டுவிட்டுப் போனது. பூட்டிய கதவுக்கு முன்னால் நாலு நாள் உட்கார்ந்திருந்த அதைத் தூக்கிக்கொண்டு போனவர் கஸ்தூரி அக்கா. ஏரிப் பக்கம் தெருக்கோடியில் ஒரு அறை வீடு. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவர். விடியற்காலையில் போய் மீன் எடுத்துவந்து தெருமுனையில் உட்கார்ந்து விற்பார். ஸ்னோயி அவர் வாயில் சீனு ஆயிற்று. மீன் கூடைக்குப் பக்கத்தில் கூடவே உட்கார்ந்திருக்கும். ஒரு நாளும் கூடையில் வாய் வைத்ததில்லை.

"ஞாயித்துக்கெழம கூட்டிக்கினு வந்துடறேன் சார்" என்றார் அக்கா. "அட்டயில எம் பேருதானே போடுவீங்கோ?"

"உங்க பேருதான்கா" என்றேன், அதிகாரம் இருப்பவன் மாதிரி.

4

ஞாயிறு. ஒரு ஆரம்பப் பள்ளியின் திடலில் பந்தல். மேசை, மைக், தெர்மகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவே மருந்துக் குப்பிகள். கால்நடை மருத்துவர் டாக்டர் ஸ்டெல்லா விடுமுறை நாளில் எங்களுக்காக கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்தார். ஆறு மணிக்குச் சரியாகக் கிளம்பியாக வேண்டும், தங்கைக்கு அன்று நிச்சயதார்த்தம் என்று முன்பே சொல்லிவிட்டார்.

நாலு இருபதுக்கே ராமநாதன் சார் மனைவியோடு வந்தார். மனைவி கையில் ஜூலி என்கிற குட்டைக்கால் நாய். முதல் ஊசி ஜூலிக்கு. பிறகு சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன நேரம் தவறாமை என்று நான் புல்லரித்தேன்.

நாலரை. யாரும் வரவில்லை. நாலே முக்கால். ஒரு ஆடு வந்து பந்தல் காலில் உரசிவிட்டுப் போனது. ஐந்து மணிக்கு நான் மைக்கில் கூப்பிட ஆரம்பித்தேன். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கியது, ஐந்து ஐந்துக்கு "யாராவது வாங்களேன்" என்று ஆகிவிட்டது.

"சார், ஐஸ் கரையுது" என்றார் டாக்டர்.

என் மூளை அட்டவணை போட ஆரம்பித்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஐஸ் தண்ணீராகும். ஆறுக்கு டாக்டர் போய்விடுவார். காலையில் வண்டி. கஸ்தூரி அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? பேசாமல் இன்றைக்கே மெல்பர்ன் டிக்கெட்டை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சேகர் மட்டும் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தான்.

வீடு வீடாக ஓடினேன். நாய் ஜாக்கிரதை என்று பலகை மாட்டிய வீடுகளுக்கு மட்டும் தேடிப்போய், வயிற்றைப் பொத்திக்கொண்டு, கேட்டைத் தட்டிய முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். எல்லா வீட்டிலும் நாயைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். "வரோம் சார், ஆறு மணி ஆகட்டும்" என்றார்கள். "ஆறு மணிக்கு முடிஞ்சிடும்மா!" என்று நான் கத்தினேன். "ஆமா சார், முடியட்டும்" என்றார்கள். எது முடியட்டும் என்கிறார்கள்? தெருவே சேர்ந்து என்னைக் கிறுக்கனாக்குகிறதா?

மூச்சு வாங்கத் தெருக்கோடிக்குப் போனேன். கஸ்தூரி அக்கா வாசலில் புதுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தார். சீனுவுக்கு நெற்றியில் விபூதி.

"அக்கா, என்னக்கா இன்னும் இங்க உட்கார்ந்திருக்கீங்க? மணி அஞ்சேகால்!"

"இன்னா சார் நீ, ராவு காலத்துல போய் ஊசி போடச் சொல்ற? எங்க குப்பத்துல ராவு காலத்துல வலையக்கூடத் தொட மாட்டோம். இது வாயில்லாத ஜீவன். எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நீ ஏரோப்ளேன் ஏறிக்கினு பூடுவ. நான் இன்னா பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை. நாலரை முதல் ஆறு. பஞ்சாங்கத்தில் அச்சடித்த ராகு காலத்தை, ஒரு நிமிடம் முன்னேபின்னே இல்லாமல், முகாம் நேரமாக நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறேன். எங்கள் அம்மா காலண்டர் பார்க்காமல் காய்கறிகூட வாங்க மாட்டாள். இருபது வருடத்தில் எனக்கு அது சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போயிருந்தது.

பந்தலில் இருந்த சேகருக்கு போன் போட்டேன். "சேகர்! ராகு காலம்டா!"

"தெரியும் மச்சான். நான்தான் அதெல்லாம் பாக்கறதில்லையே. நோட்டீஸ் அடிக்கும்போதே உன்னைப் பாராட்டணும்னு நெனச்சேன், மூடநம்பிக்கையை ஒடைக்கறான் பாருன்னு."

டாக்டர் ஸ்டெல்லா கிறிஸ்தவர், அவர் கணக்கில் ஞாயிறு முழுக்க நல்ல நேரம்தான். சேகர் பகுத்தறிவாளன். நான் அட்டவணை நிபுணன். ஊரிலேயே ராகு காலம் பார்க்காத மூன்று பேராகப் பொறுக்கி எடுத்து ஒரு முகாம் நடத்தியிருக்கிறோம். பின்னால் ராமநாதன் சாரிடம், உங்களுக்காவது தெரிந்திருக்குமே, சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "தெரியும் சார். நீங்க ஆஸ்திரேலியாலேர்ந்து வந்திருக்கீங்க. அங்க ராகு காலம் வேற டைமோ என்னவோன்னு விட்டுட்டேன்" என்றார்.

அது பிறகு. அக்கா வாசலில் நின்றபோதே எனக்கு ஒரு பொறி தட்டியது. அவர் ஏன் நாலு இருபதுக்கே வந்தார்?

"அக்கா, முதல் ஊசி நாலு இருபதுக்கே போட்டாச்சுக்கா. ராமநாதன் சார் வீட்டு ஜூலிக்கு."

அக்கா விருட்டென்று எழுந்தார். "அடப்பாவி மனுசா, அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா? நல்ல நேரத்துல கை வெச்ச வேலைக்கு ராவு காலம் ஏது? நடுவுல நிறுத்தினாத்தான் குத்தம்!"

சீனுவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மூன்று மாடி ஃப்ளாட்டின் மேல்தளம்வரை மீன் விற்ற குரல் அது. எங்கள் வாடகை மைக்கெல்லாம் அதற்கு முன்னால் கொசு. "யம்மா! செக்ரட்ரி சாரு வூட்டு நாய்க்கு நாலு இருவதுக்கே ஊசி போட்டாச்சாம்! வேல ஆரம்பிச்சாச்சு! வாங்கோ, வாங்கோ, வெளிய வாங்கோ!"

கேட்டுகள் திறந்தன. ஒன்று, மூன்று, பிறகு எண்ணவே முடியவில்லை. பாவாடை நாடாவில் கட்டிய நாட்டு நாய். மூன்று பேர் சேர்ந்து தூக்கிவந்த லாப்ரடார். மொபெட்டின் கால் வைக்கும் இடத்தில் ராஜா மாதிரி நின்றுகொண்டு வந்த ஒரு அல்சேஷன். ஒயர் கூடைக்குள் பூனை. ஐந்தரை மணிக்குப் பந்தலுக்குள் நிற்க இடமில்லை. டாக்டர் கை மின்னலாக ஓடியது. சேகர் பட்டை மாட்டினான். நான் மேசைமேல் ஏறினேன். மைக்கைச் சரிசெய்யத்தான் ஏறினேன் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.

ஆறுக்கு ஐந்து நிமிடம். கூட்டத்தை ஒழுங்குபடுத்தியே கடைசியில் நின்றுவிட்ட கஸ்தூரி அக்கா முன்னால் வந்தார். மிச்சம் ஒரு குப்பியில் கொஞ்சம் மருந்து. ராமநாதன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"டாக்டர், இதுக்கு ஓனர்னு யார் பேரை எழுதப் போறீங்க? இது அமெரிக்கா போனவங்க நாய்."

"போனவங்க பூட்டாங்க சார். இது பூடுச்சா?" என்றார் அக்கா. குரல் உடைந்துவிட்டது. தெருவையே கூப்பிட்ட குரல்.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னார். "என் வழக்கம் ஒண்ணுதான் சார். ஊசி போடும்போது தலையைப் பிடிக்கிறது யாரோ, அவங்க பேரைத்தான் ஓனர்னு எழுதுவேன். மாத்திப் பிடிச்சா நாய் கடிச்சிடும். அதைவிட வேற சாட்சி வேணுமா? உங்க ஜூலிக்கும் அப்படித்தான். உங்க மிஸஸ் பேருதான் போட்டிருக்கேன், பாருங்க."

சார் அவசரமாக ஜூலியின் அட்டையை எடுத்துப் பார்த்தார். பந்தலே சிரித்தது.

"சரி, பிடிங்க யாராவது" என்றார் டாக்டர். சேகர் கை நீட்டினான், சீனு பல்லைக் காட்டியது. அக்கா முழங்கால் மடித்து உட்கார்ந்தார். சீனு தானாகப் போய் மீன் வாசனை அடிக்கும் அந்த மடியில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. அவர் தலையைப் பிடித்தார். ஊசி ஏறி இறங்கியது. முனகல்கூட இல்லை.

அக்கா அட்டையை வாங்கி, நேராக ராமநாதன் சாரிடம் நீட்டினார். "எனுக்குப் படிக்கத் தெரியாது சார். இன்னா எழுதிக்கீதுன்னு நீயே கொஞ்சம் ஒரக்கப் படி."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நியாயமான மனிதர். உரக்கவே படித்தார். "பெயர், சீனு. உரிமையாளர், கஸ்தூரி." பதிவேட்டிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் அடித்த விசிலில் பாதி நாய்கள் கயிற்றை அறுத்துக்கொண்டன.

திங்கட்கிழமை வண்டி வந்தது. தெரு முழுக்கச் சிவப்புப் பட்டைகள். ஓட்டுநர் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

5

அறிக்கையை காவ்யாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அது என் தோல்விப் பட்டியலில் தனி அத்தியாயம். ஆனால் நடுவில் நான் நிறுத்தினால் "அப்புறம்?" என்றாள். அந்த ஒரு வார்த்தை தமிழில் வந்தது. அதையும் முன்னேற்றத்தில் எழுதிக்கொண்டேன்.

இலக்கு ஒன்று: எங்கள் தெருக்களில் அட்டை இல்லாத வளர்ப்பு நாய் இப்போது கிடையாது. பக்கத்து நகரிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். இலக்கு மூன்று: ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு அறை, வாரம் ஒருநாள் டாக்டர் ஸ்டெல்லா. திறந்து வைத்தவரும், திறக்கும் நேரத்தைக் குறித்துக் கொடுத்தவரும் சங்கத்தின் புதிய தலைவர் ராமநாதன் சார். பூனைகள் பற்றி ஒரே வரி: "முன்னேற்றம் இல்லை. கூப்பிட்டால் வருவதில்லை."

இலக்கு இரண்டு, கைவிடப்பட்ட செல்லங்களுக்கு வீடு. அதற்கு நேராக சேகர் எழுதியிருந்தது: "கஸ்தூரி அக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. யாராவது லாரியில் சாமான் ஏற்றினால் அக்கா போய் நாய் எங்கே என்று கேட்கிறார். பதில் சொல்லாமல் லாரி நகர்வதில்லை. மற்ற விவரத்தை அவரிடமே கேட்டுக்கொள்ளவும்."

கேட்டேன். சேகர் அவரைக் கடைக்கு வரவழைத்து போனைக் கொடுத்தான்.

"சார், நல்லா கீறியா? சேதி தெரியுமா? அந்த அமெரிக்காக்காரங்க லீவுக்கு வந்தாங்கோ. காரு நேரா எங்கிட்டாண்ட வந்து நிக்குது. அந்தம்மா எறங்கி ஸ்னோயி, ஸ்னோயின்னு ஒரே அழுவ."

எனக்கு இங்கே மெல்பர்னில் கை வயிற்றுக்குப் போய்விட்டது. "சீனு என்னக்கா பண்ணுச்சு?"

"போச்சு சார். பொய் சொல்லக் கூடாது, வால ஆட்டிக்கினு போய் மூஞ்சியெல்லாம் நக்கிச்சு. நான் கூடைய அப்பிடியே வுட்டுட்டு எழுந்துட்டேன். ரெண்டு வாரம் வூட்ல வெச்சுக்கறோம்னாரு அந்த சாரு. சரி சார், திரும்பிப் போவ சொல்லோ இன்னா பண்ணுவீங்கோன்னு கேட்டேன். அவரு காரப் பாத்தாரு. அட்டய எடுத்து நீட்டினேன், படிங்கோன்னு. அவரு படிச்சிக்கினு இருக்க சொல்லவே இது திரும்பி வந்து கூடையாண்ட குந்திக்கிச்சு. தன் எடத்துல."

"அப்புறம்? அவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"சேச்சே. அழுதுக்கினு நிக்கறவங்கள வெறுங்கையா அனுப்ப முடியுமா சார்? நல்லா பெரிசா ரெண்டு வஞ்சிரம் கழுவிக் கட்டிக் குடுத்தேன். ஆயிரம் இருந்தாலும் சீனுவுக்குத் தெரிஞ்சவங்களாச்சே."